ஒட்டகம் இருக்கிறது, பால் எங்கே?

கேள்வி: என் மகள் தாதி. ஒரு நிவாரண அமைப்புடன் ஓராண்டு ஒப்பந்தத்தில் வடக்கு கென்யாவில், மார்சபிட் பக்கம் வேலை செய்கிறாள். மே மாதம் போய்ச் சேர்ந்தபோது, "பிள்ளைகளெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார்கள்மா" என்றாள். இப்போது செப்டம்பரில் பேசும்போதெல்லாம் அழுகிறாள். அதே பிள்ளைகள், அதே வீடுகள், ஆனால் மெலிவைக் கண்டுபிடிக்கக் கையைச் சுற்றி அளக்கும் வண்ண நாடா மஞ்சளுக்கு வந்துவிட்டதாம் (பச்சை என்றால் பரவாயில்லை, மஞ்சள் மெலிவு, சிவப்பு கடும் மெலிவு). தாய்மார்கள் அதைவிட மோசமாம். எனக்குப் புரியவில்லை. ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் வைத்திருப்பவர்கள்தானே? என் பாட்டி நிபோங் திபால் தோட்டத்தில் இரண்டு மாட்டை வைத்தே எட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். எங்கள் கோயில் மகளிர் குழுவில் 3,000 வெள்ளி சேர்ந்திருக்கிறது. தீபாவளிக்கு முன் பால் மாவு டின் வாங்கி அனுப்பலாம் என்று இருக்கிறோம். குழுவில் ஒருவர், "ஒரு ஒட்டகத்தை விற்றுச் சாப்பிட வேண்டியதுதானே" என்கிறார். எந்தப் பால் மாவு நல்லது?
(பட்டர்வொர்த் வாசகி)

அன்புள்ள சகோதரி,

பால் மாவு வாங்க வேண்டாம். எந்த பிராண்டும் வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். உங்கள் குழு சேர்த்த பணத்துக்கு அங்கே நல்ல வேலை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒட்டகக் கேள்விக்கு வருவோம். அது புரிந்துவிட்டால் மற்றது தானாகப் பிடிபடும்.

உங்கள் பாட்டியின் மாடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நிபோங் திபாலில் புல்லுக்குப் பஞ்சம் கிடையாது. ஜனவரி, பிப்ரவரி வெயிலிலும் கால்வாய்க் கரையில், மரத்தடியில் ஏதாவது பச்சை இருக்கும். சினை மாடு பால் வற்றும் சில மாதங்களைத் தவிர்த்தால் பாட்டி வீட்டில் ஆண்டு முழுவதும் பால் இருந்திருக்கும். இரண்டும் மாறி மாறிக் கன்று போட்டால் அந்த இடைவெளியும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கொட்டகை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. மாடு எங்கும் போகவில்லை.

மார்சபிட்டில் மழை ஆண்டுக்கு இரண்டு தவணையாக வரும். மார்ச் முதல் மே வரை நீண்ட மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுகிய மழை. மே மாதம் போனார் என்றால் உங்கள் மகள் நல்ல நேரத்தில் போயிருக்கிறார். ஆடும் ஒட்டகமும் குட்டி போட்டு, மடி நிறைந்திருக்கும் நேரம் அது. சின்னப் பிள்ளைகள் காலையும் மாலையும் பாலைக் குடித்தே வயிற்றை நிரப்பியிருப்பார்கள். செப்டம்பர் என்பது மழை விட்ட பிறகு நான்காவது மாதம். வெள்ளாடும் மாடும் அதற்குள் பாலை நிறுத்திவிடும், இல்லையென்றால் கைப்பிடி அளவுதான் கறக்கும்.

ஒட்டகம் தாங்கும். கன்று போட்டு ஓராண்டுக்கு மேலும் கறக்கும், முள்மர இலையைத் தின்றே பால் கொடுக்கும், தண்ணீர் இல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும். அப்படியானால் ஒட்டகப் பால் இருக்க வேண்டுமே? இருக்கிறது. ஆனால் குழந்தைகள் இருக்கும் இடத்தில் இல்லை. புல்லும் இலையும் தீர்ந்ததும் இளைஞர்களும் பெரிய பையன்களும் மந்தையை ஓட்டிக்கொண்டு, பல நாள் நடந்து போக வேண்டிய தூரத்துக்குப் போய்விடுவார்கள். அந்த மேய்ச்சல் முகாமை அங்கே ஒட்டகம் வளர்க்கும் ரெண்டில்லே மக்கள் ஃபோரா என்பார்கள். பால் முழுவதும் ஃபோராவில். குடியிருப்பில் மிஞ்சுவது வயதானவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சின்னப் பிள்ளைகள், ஒன்றிரண்டு ஆடு. உங்கள் மகள் பார்க்கும் மஞ்சள் நாடாவுக்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

குடியிருப்பில் ஒரு ஒட்டகத்தை விட்டு வைத்தாலும் அதற்கும் பங்காளி உண்டு. ஒட்டகத்துக்கு நான்கு காம்பு. முதலில் கன்றை ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் இரண்டு காம்பைக் கன்றுக்கு விட்டு, மற்ற இரண்டில் வீட்டுக்குக் கறப்பது அங்கே வழக்கம். வறட்சியில் மடியே சுருங்கும்போது அந்தப் பங்கைப் பிரிப்பது பெரிய பாடு. கன்றுக்குக் குறைத்தால் கன்று சாகும். கன்று செத்தால் பல ஒட்டகங்கள் பாலை இறக்காது. அதனால் அந்தக் கன்றும் வீட்டுப் பிள்ளையும் ஒரே மடியை நம்பி வளர்கின்றன.

"விற்றுச் சாப்பிட வேண்டியதுதானே" என்று கேட்ட சகோதரியைக் குறை சொல்ல மாட்டேன், தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அங்கே ஆடுகளை விற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் வறட்சியில் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்பதால் விலை சரியும், அதே வாரங்களில் சோளமாவு விலை ஏறும். ஜூனில் ஓர் ஆட்டை விற்றால் கிடைக்கும் மாவு செப்டம்பரில் கிடைக்காது. பெண் ஒட்டகம் வேறு கணக்கு. அதன் சினைக்காலமே ஏறத்தாழ 13 மாதம், இரண்டு ஆண்டுக்கு ஒரு கன்று கிடைத்தால் பெரிது. இன்று விற்றால் சில மாதச் சாப்பாடு வரும், பிறக்கப் போகும் பிள்ளைகளின் பால் போகும். 2020 அக்டோபரிலிருந்து 2022 முடியும்வரை அந்த வட்டாரத்தில் ஐந்து மழைப் பருவங்கள் தொடர்ந்து பொய்த்தன. கென்யாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. அப்படி இழந்த மந்தை ஒரு நல்ல மழையில் திரும்பி வராது.

"பாலை விற்றுவிட்டுப் பிள்ளைக்கு மாவைக் கொடுக்கிறார்கள்" என்றும் உங்கள் மகள் சொல்லக்கூடும். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் மாட்டுப் பாலில் ஏறத்தாழ 650 கலோரி, ஒரு கிலோ சோளமாவில் 3,500 கலோரி. ஒரு லிட்டரைக் கொடுத்து ஒரு கிலோ வாங்க முடிந்தால், ஐந்து பேர் இருக்கும் வீட்டில் தாய் வேறென்ன செய்வாள்? ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையின் வயிறு சின்னது. தண்ணீர் விட்டுக் காய்ச்சிய வெறும் மாவுக் கஞ்சி வயிற்றை நிரப்பும், வளர்ச்சிக்குப் போதாது. பாலில் இருந்த நல்ல புரதமும் கால்சியமும் ஏ, பி12 வைட்டமின்களும் அதில் இல்லை.

ரெண்டில்லே மக்களிடையே 1990-களில் நடந்த ஒரு ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். எலியட் ஃப்ராட்கின், மார்த்தா நேதன், எரிக் ராத் ஆகியோர் மந்தையோடு நகரும் குடும்பங்களையும் கோர் போன்ற ஊர்களில் குடியேறிவிட்ட குடும்பங்களையும் மூன்று ஆண்டுகள் அளந்தார்கள். ஊரில் பள்ளிக்கூடம் உண்டு, கிளினிக் உண்டு, நிவாரண மாவு உண்டு. நகரும் குடும்பத்தில் இவை எதுவும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் நகரும் குழந்தைகள்தான் உயரத்திலும் எடையிலும் மேலாக இருந்தார்கள். அவர்கள் குடித்த பால் ஊர்க் குழந்தைகள் குடித்ததைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஊரில் குடியேறுவதால் வேறு நன்மைகள் உண்டு, தடுப்பூசியும் படிப்பும் சின்ன விஷயமா? ஆனால் பாலுக்கு ஈடாக எதையும் கொடுக்காமல் மக்களை ஓரிடத்தில் உட்காரச் சொன்னால் அதன் விலையைப் பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

பால் எல்லாவற்றையும் தராது என்பதையும் மகள் நினைவில் வைக்கட்டும். பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. மழைக்காலத்தில் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கலாம். கென்யாவில் கால்நடை மேய்க்கும் மற்ற இனத்தவரான துர்கானா, மசாய் மக்கள் மாட்டின் கழுத்து நரம்பில் சிறு அம்பால் குத்திக் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பாலில் கலந்து குடிப்பார்கள். மாடு பிழைத்துக்கொள்ளும். நம் ஆட்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஆனால் இரும்பு குறைந்த உணவில் அது பெரிய துணை. இப்போது பல வீடுகளில் அந்த இடத்தைச் சீனி போட்ட தேநீர் பிடித்துக்கொண்டது. தேநீரோ உணவில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது.

இனி தாய்மார்கள். "அதைவிட மோசம்" என்று மகள் சொன்னதை நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் உறைத்தது அதுதான்.

வறட்சியில் ஒரு பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பக்கத்துக் குட்டை வற்றியதும் தண்ணீருக்கு நடக்கும் தூரம் கூடுகிறது. 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ, முதுகில். ஆண்கள் மந்தையோடு போய்விட்டதால் மிஞ்சிய ஆடுகளும் விறகும் அவள் பொறுப்பு. பாலூட்டுகிறவள் என்றால் தன் தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 500 கலோரி அளவில் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். வேலை கூடும் அதே மாதங்களில் உணவு குறைகிறது, அந்தக் குறையையும் முதலில் ஏற்றுக்கொள்வது அவள்தான். பால் பங்கு பிரிப்பது அந்தச் சமூகங்களில் பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருக்கிறது. பங்கு பிரிக்கிறவள் தன் பங்கைத்தான் முதலில் விடுவாள். பிள்ளைக்கு, மாமியாருக்கு, விருந்தாளிக்கு என்று ஊற்றிவிட்டு, அடியில் இருப்பதைத் தேநீரில் கலந்து குடித்துவிட்டு நாளை ஓட்டுவாள்.

தாய் மெலிந்தாலும் தாய்ப்பால் அவ்வளவு எளிதில் நின்றுவிடாது, உடம்பு தன் சேமிப்பைக் கரைத்துச் சுரக்கும். அதனால்தான் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை ஓரளவு நன்றாகத் தெரியும்போதே தாய் எலும்பும் தோலுமாக இருப்பாள். ஆனால் தாயின் உணவில் வைட்டமின் ஏ-வும் பி வகை வைட்டமின்களும் இல்லாமல் போனால் அவள் பாலிலும் அவை குறையும்.

கர்ப்பத்துக்கும் பருவம் உண்டு. துர்கானா மக்கள் வாழும் வட்டாரத்தின் தென்பகுதியில் நகரும் குடும்பங்களின் பிறப்புகளை ஆராய்ந்து 1989-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. பிறப்புகளில் பாதிக்கு மேல் மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில் வந்திருந்தன. மழைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டுத் தேறும் மாதங்களில்தான் பெரும்பாலோர் கருத்தரிக்கிறார்கள். பிறக்கும்போது பால் இருக்கும், நல்லதுதான். ஆனால் வயிற்றுப் பிள்ளை வேகமாக எடை போட வேண்டிய கடைசி மாதங்கள் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் விழுகின்றன. உங்கள் மகள் ஜனவரியில் அங்கே இருப்பார் அல்லவா? அப்போது கர்ப்பிணிகளைத் தனியாகக் கவனிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து ஓர் எச்சரிக்கை. அக்டோபரில் மழை விழுந்ததும் இங்கே நாமெல்லாம் "அப்பாடா" என்போம். அங்கே அந்த வாரங்கள் ஆபத்தானவை. புல் முளைக்கவும், மந்தை திரும்பவும், மடி ஊறவும் வாரக் கணக்கில் ஆகும். மெலிந்த ஆடுகள் குளிர்ந்த மழையிலேயே சாகும். மழைநீர் சாணத்தையும் அழுக்கையும் குட்டைகளில் கொண்டுபோய்ச் சேர்க்கும், வயிற்றுப்போக்கு தொடங்கும், கொசு பெருகும். கிழக்குச் சாட் நாட்டின் சிலா பகுதியில் பல ஆண்டு அளவீடுகளைப் பார்த்தபோது, குழந்தைகளின் மெலிவு ஆண்டுக்கு இரண்டு முறை உச்சத்துக்குப் போனது தெரிந்தது. பெரிய உச்சம் வறட்சியின் கடைசியில், இன்னொன்று மழைக்காலத்தில். விலங்குகளும் மனிதரும் ஒரே நீரைப் பங்கிடுவதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மஞ்சள் நாடாவில் இருக்கும் பிள்ளைக்கு மழையின் முதல் வயிற்றுப்போக்கு வந்தால் சிவப்புக்குப் போய்விடும். சாப்பாட்டு உதவியை மழை வந்ததும் நிறுத்திவிடக் கூடாது.

சரி, பால் மாவு ஏன் கூடாது? மேலே சொன்ன அந்தத் தண்ணீரில்தான் அதைக் கரைக்க வேண்டும், அந்தத் தண்ணீரில்தான் புட்டியைக் கழுவ வேண்டும். டின் தீரக் கூடாதென்று தாய் தண்ணீரைக் கூட்டுவாள். கைக்குழந்தைக்கு முதல் ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 20 கிலோ மாவு வேண்டும், நீங்கள் கொடுக்கும் சில டின் ஒரு மாதத்தைத் தாண்டாது. அதற்குள் பிள்ளை மார்பில் குடிப்பது குறைந்து தாய்ப்பாலும் குறைந்திருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 1981-இலேயே தாய்ப்பாலுக்கு மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கு விதிமுறை கொண்டுவந்தது. பேரிடர்க் காலத்தில் பால் மாவையும் புட்டியையும் நன்கொடையாக அனுப்ப வேண்டாம் என்பதுதான் இன்றைய சர்வதேச வழிகாட்டுதல். தே தாரிக்குப் போடும் இனிப்பு டின் பாலும் வேண்டவே வேண்டாம், அதில் ஏறத்தாழ பாதி சீனி. (இங்கே பினாங்கிலும் அதைக் கரைத்துப் பிள்ளைக்குப் புட்டியில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

உங்கள் பணம் போக வேண்டிய இடம் கறவையின் வாய். எத்தியோப்பியாவின் சோமாலிப் பகுதியில் சேவ் த சில்ட்ரன் என்ற குழந்தைகள் நல அமைப்பும் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2009 வாக்கில் மில்க் மேட்டர்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கின. அங்குள்ள தாய்மார்களிடமே பிள்ளைகள் ஏன் மெலிகிறார்கள் என்று கேட்டார்கள். பால் குறைவதுதான் காரணம், கறவைக்குத் தீவனம் கொடுங்கள் என்றார்கள் தாய்மார்கள். அப்படியே, வறட்சியில் சில கறவைகளை மந்தையோடு அனுப்பாமல் குடியிருப்பிலேயே நிறுத்தித் தீவனமும் தண்ணீரும் மருந்தும் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு வறட்சியிலும் பால் கிடைத்தது, எடை குறையாமல் நின்றது. மெலிந்த பிள்ளையைப் பிறகு சிகிச்சை உணவு கொடுத்துத் தேற்றுவதைவிடச் செலவும் குறைவு. மார்சபிட்டிலேயே 2010-இல் ஒரு கால்நடைக் காப்பீடு தொடங்கினார்கள். செயற்கைக்கோள் படத்தில் பச்சை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துப் பணம் கொடுக்கும் ஏற்பாடு அது. முதலில் கால்நடை செத்த பிறகு ஈடு செய்வதாக இருந்தது, பிறகு அது சாகாமல் காப்பாற்றத் தீவனம் வாங்கும் நேரத்திலேயே பணம் கிடைக்கும்படி மாற்றினார்கள். இந்த விஷயத்தில் தொகையைவிட மாதம் முக்கியம்.

ஆகவே மகளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அவர் அமைப்போ பக்கத்தில் வேலை செய்யும் வேறு அமைப்போ கறவைகளுக்குத் தீவனம் கொடுக்கிறதா? இல்லையென்றால், தாய்மார்களின் கைப்பேசிக்கு நேராகப் பணம் அனுப்புகிறதா? கென்யாவில் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை வழியாகக் கிராமங்களிலும் பணம் போய்ச் சேரும். எது இருக்கிறதோ அதற்கு அமைப்பின் கணக்கு வழியாக அனுப்புங்கள். ஒருவரின் தனிக் கணக்குக்கு வேண்டாம், மகளின் கணக்குக்கும் வேண்டாம், அவருக்கு அது சங்கடம். தீபாவளி வரை வைத்திருக்காமல் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை சேர்த்தால் ஜனவரியில் போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள்.

மகளுக்கு ஒரு வார்த்தை. அந்த நாடாவைத் தாய்மார் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் இடது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இறுக்காமல் சுற்ற வேண்டும். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே மஞ்சள், 11.5-க்குக் கீழே சிவப்பு. சிவப்பு என்றால் அன்றைக்கே சிகிச்சைக்குக் கொண்டுவர வேண்டும். பாதத்தை அழுத்தினால் குழி விழும் பிள்ளைக்கு நாடா பச்சையாக இருந்தாலும் அப்படித்தான். நைஜர் நாட்டில் தாய்மார்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள், சுகாதார ஊழியர்கள் அளந்ததற்கு இணையாக அவர்களும் அளந்தார்கள். தாதி மாதம் ஒருமுறை வரும் இடத்தில், தாய் வாரம் ஒருமுறை அளந்தால் மஞ்சளிலேயே பிடித்துவிடலாம். அளக்கும்போது "பால் கறக்கும் விலங்கு இப்போது எங்கே இருக்கிறது?" என்றும் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மந்தை கிளம்பிய வாரம் தெரிந்தால் மெலிவு எப்போது தொடங்கும் என்று முன்கூட்டியே கணிக்கலாம். அப்புறம், தாய்மார்களையும் அளக்க வேண்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் பல திட்டங்களில் 21 சென்டிமீட்டர் என்பது எல்லை, சிலவற்றில் 23. அந்தப் பகுதியில் எது நடைமுறை என்று அமைப்பில் கேட்டுக்கொண்டு, பிள்ளையின் அட்டையிலேயே தாயின் அளவையும் பக்கத்தில் எழுதி வைக்கட்டும்.